கறுப்புக் கண்ணாடிகள் நடமாடும் தெரு

காலை ஐந்து மணி. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை பக்கத்திலிருந்து வந்த பஸ்கள் வரிசையாக நிற்கின்றன. பருத்திப்பால் வண்டிக்காரரின் கரண்டிச் சத்தம் கேட்கிறது. ஒரு பெரியவர் படியில் காலை வைத்துத் தடவிப் பார்த்து இறங்குகிறார். அவர் கையைப் பிடித்திருக்கும் மகள் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் ஆட்டோக்காரர் கேட்டுவிடுகிறார்:

"கண்ணாஸ்பத்திரியா? ஏறுங்க."

மதுரையில் கண்ணாஸ்பத்திரி என்றால் அது அண்ணா நகரில் இருக்கும் அரவிந்த் கண் மருத்துவமனைதான். பெயர்ப் பலகையைப் படித்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. வைகைக்கு வடக்கே அந்தத் தெருவை நெருங்கும்போதே தெரிந்துவிடும். டீக்கடை வாசலில், மருந்துக் கடைப் படியில், லாட்ஜ் திண்ணையில், எங்கே பார்த்தாலும் பக்கவாட்டையும் மறைக்கும் பெரிய கறுப்புக் கண்ணாடி போட்ட பாட்டிகளும் தாத்தாக்களும். வேறு எந்த ஊரிலும் இத்தனை பேர் விடியற்காலையில் கறுப்புக் கண்ணாடியோடு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

மீனாட்சியம்மன் கோயிலையும் நாயக்கர் மகாலையும் பார்க்க வருகிற வெளிநாட்டவர்களில் சிலர் இந்தத் தெருவுக்கும் தவறாமல் வருகிறார்கள். அவர்கள் கையில் கேமரா இருக்காது, நோட்டுப் புத்தகம்தான் இருக்கும். மருத்துவர்கள், நிர்வாகவியல் மாணவர்கள், பேராசிரியர்கள். அமெரிக்காவின் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் 1993-லேயே இந்த ஆஸ்பத்திரியைப் பாடமாக எழுதிவிட்டது. பணம் கொடுக்க முடியாதவருக்கும் ஆபரேஷன் செய்துகொண்டு, கடன்படாமல், கையேந்தாமல் ஓர் ஆஸ்பத்திரி எப்படி நடக்கிறது என்பதுதான் அவர்கள் தெரிந்துகொள்ள வரும் விஷயம்.

விரல்கள் மடங்கிய டாக்டர்

எட்டயபுரம் பக்கம் வடமலாபுரம் என்ற கரிசல்காட்டு ஊர். அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் 1918-ல் பிறந்தவர் கோவிந்தப்ப வெங்கடசாமி. உறவுக்காரப் பெண்கள் சிலர் பிரசவத்தில் இறந்ததைச் சிறுவயதில் கண்டவர், பிரசவ மருத்துவராக வேண்டும் என்று நினைத்துச் சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்தார். ராணுவ மருத்துவப் பிரிவிலும் பணியாற்றினார். முப்பது வயதில் முடக்குவாதம் வந்து கைவிரல்களை மடக்கிப் போட்டுவிட்டது. பேனாகூடப் பிடிக்க முடியாத கை. பிரசவம் பார்க்கும் கனவு அதோடு முடிந்தது.

அதன்பிறகு அவர் தேர்ந்தெடுத்தது கண் மருத்துவம். மடங்கிய விரல்களுக்கு ஏற்றபடி கருவிகளை மாற்றி வைத்துக்கொண்டு, கத்தி பிடிக்கப் பழகினார். மதுரை எர்ஸ்கின் ஆஸ்பத்திரியில், அதாவது இன்றைய ராஜாஜி அரசு மருத்துவமனையில், கண் பிரிவின் தலைவராக இருந்தார். தன் வாழ்நாளில் அந்தக் கைகளால் அவர் செய்த கண் ஆபரேஷன்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

1976-ல், 58 வயதில், அரசுப் பணியிலிருந்து ஓய்வு. பென்ஷனை வாங்கிக்கொண்டு பேரப்பிள்ளைகளைக் கொஞ்சும் வயது. அவர் கல்யாணம் செய்துகொள்ளாதவர். தம்பி, தங்கைகளைப் படிக்கவைத்து ஆளாக்கியிருந்தார். அவர்களையே கூட்டு சேர்த்துக்கொண்டு, 11 படுக்கைகளோடு ஓர் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அவருடைய வீடு அடமானத்துக்குப் போனது, குடும்பத்துப் பெண்களின் நகையும் போனது. தங்கை டாக்டர் நாச்சியார், மைத்துனர் டாக்டர் நம்பெருமாள்சாமி என்று குடும்பமே கண் மருத்துவர்களாக உள்ளே வந்தது. தம்பி சீனிவாசன் கட்டடத்தையும் கணக்கையும் பார்த்துக்கொண்டார். வெங்கடசாமி புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தரின் வழியில் ஈடுபாடு கொண்டவர் என்பதால் ஆஸ்பத்திரிக்கு அந்தப் பெயர்.

பிறகு வளர்ச்சி படிப்படியாக வந்தது. தேனி 1985, திருநெல்வேலி 1988, கோவை 1997, புதுச்சேரி 2003, சென்னை 2017. இப்போது எல்லாக் கிளைகளிலும் சேர்த்து ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கும் அதிகமான ஆபரேஷன்கள் நடக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய பாதி இலவசமாக அல்லது மிகக் குறைந்த கட்டணத்தில் நடப்பவை. நிறுவனர் 2006-ல் காலமானார். மதுரையில் இன்றும் பெரியவர்கள் அவரை 'பெரிய டாக்டர்' என்று சொல்லிக் கேட்கலாம்.

இரண்டு மேஜை, ஒரு மைக்ரோஸ்கோப்

கண்புரை என்பது நோய்களில் ஒரு விதத்தில் வசதியான நோய். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதாக ஆக வெளுத்து, பால் தோய்ந்த கண்ணாடி போலாகிவிடும். அதை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைத்தால் பார்வை திரும்பிவிடும். நெஞ்சைப் பிளக்க வேண்டாம், முழு மயக்கம் வேண்டாம், கண்ணைச் சுற்றி மட்டும் மரத்துப்போக ஊசி போட்டால் போதும். கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒரே மாதிரியான ஆபரேஷன். நாளையே செய்தாக வேண்டிய அவசரமும் பெரும்பாலும் கிடையாது. அதனால்தான் திட்டம் போட முடிகிறது.

ஆபரேஷன் தியேட்டரில் காலை ஏழு, ஏழரைக்கெல்லாம் வேலை தொடங்கிவிடும். உள்ளே ஒரு சர்ஜனுக்கு இரண்டு மேஜைகள் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருக்கும். நடுவில் திருப்பக்கூடிய ஒரு மைக்ரோஸ்கோப். முதல் மேஜையில் ஒருவருக்கு ஆபரேஷன் நடக்கும்போதே, இரண்டாவது மேஜையில் அடுத்தவரைப் படுக்கவைத்து, கண்ணைச் சுத்தம் செய்து, துணி போர்த்தி, கருவிகளை எடுத்து வைத்துத் தயாராக்கிவிடுவார்கள் சிஸ்டர்கள். முதலாமவருக்கு முடிந்ததும் சர்ஜன் எழுந்து நடக்க வேண்டியதில்லை. திரும்பி உட்கார்ந்தால் போதும், மைக்ரோஸ்கோப்பும் கூடவே திரும்பும். அவர் அடுத்த கண்ணில் கை வைக்கும் நேரத்தில், முதல் மேஜையில் கட்டுப் போட்டு, ஆளை இறக்கி, மூன்றாமவரை ஏற்றிக்கொண்டிருப்பார்கள்.

இதைச் சொன்னால் தவறாகத் தோன்றலாம். ஆனால், மதுரைக்காரர் ஒருவர் இதைப் பார்த்தால் அவருக்கு முதலில் ஞாபகம் வருவது ராத்திரி நேரப் புரோட்டாக் கடையாகத்தான் இருக்கும். மாவு பிசைகிறவர் ஒருவர், உருண்டை பிடிக்கிறவர் ஒருவர், வீசுகிறவர் ஒருவர், கல்லில் நிற்கும் மாஸ்டர் ஒருவர். மாஸ்டர் வெங்காயம் நறுக்கப் போனால் கடை ஓடாது. வெங்கடசாமியும் ஏறக்குறைய இதையேதான் வேறு கடையை வைத்துச் சொன்னார். அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் கடைகளைப் பார்த்துவிட்டு, எந்த ஊரில் போனாலும் ஒரே தரத்தில், ஒரே முறையில், எல்லோருக்கும் கட்டுப்படியாகும் விலையில் பர்கர் கொடுக்க முடிகிறதென்றால் கண் சிகிச்சையை ஏன் அப்படிக் கொடுக்க முடியாது என்று கேட்டார். ஒரு டாக்டர் இப்படிப் பேசுவதைக் கேட்டு அன்றைக்குச் சிரித்தவர்கள் உண்டு.

கணக்கு எளிது. மைக்ரோஸ்கோப்பின் விலை, கட்டடத்தின் செலவு, சர்ஜனின் மாதச் சம்பளம் ஆகியவை ஒரு நாளைக்கு ஐந்து பேருக்கு ஆபரேஷன் செய்தாலும் ஐம்பது பேருக்குச் செய்தாலும் மாறாதவை. ஐந்தால் வகுத்தால் ஒருவர் தலையில் விழும் பங்கு பெரிது, ஐம்பதால் வகுத்தால் அது பத்தில் ஒன்றாகிவிடும். இந்தியாவில் ஒரு கண் சர்ஜன் சராசரியாக ஆண்டுக்குச் சில நூறு ஆபரேஷன்கள் செய்கிறார் என்றால், இங்கே ஒருவர் சுமார் 2,000 செய்கிறார். அவர் மற்றவர்களைவிட அவசரமாகச் செய்கிறார் என்று அர்த்தமில்லை, காத்திருக்கும் நேரத்தை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். வேறு இடத்தில் ஒரு சர்ஜன் அடுத்த நோயாளிக்காகக் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இருபது நிமிடம் இங்கே இல்லை.

இங்கே சர்ஜன்களுக்கு மாதச் சம்பளம். இன்ன நோயாளிக்கு இவ்வளவு என்ற பங்குக் கணக்கு இல்லாததால், வேண்டாத ஆபரேஷனைத் தலையில் கட்டும் ஆசைக்கும் இடமில்லை. யாருடைய ஆபரேஷனில் எத்தனை பேருக்குச் சிக்கல் வந்தது, எத்தனை பேருக்குப் பார்வை எதிர்பார்த்தபடி திரும்பியது என்று ஒவ்வொருவர் பெயரிலும் பதிவு உண்டு. மூத்தவர், இளையவர் என்ற விலக்கு இல்லை.

பதினெட்டு வயது சிஸ்டர்கள்

வெளிநோயாளிகள் பிரிவுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது டாக்டர்கள் அல்லர், சேலை கட்டிய இளம் பெண்கள்தான். பதிவுச் சீட்டு போடுவது, எழுத்துப் பலகையைக் காட்டிப் பார்வை அளப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சோதிப்பது, சொட்டு மருந்து ஊற்றுவது, "பாட்டி, கண்ண மூடிக்கிட்டு இங்கயே உக்காருங்க, நான் கூப்பிடுறேன்" என்று சொல்லி உட்காரவைப்பது என எல்லாமே அவர்கள்தான். டாக்டரிடம் போய்ச் சேரும்போது நோயாளியின் சீட்டில் தேவையான அத்தனையும் எழுதியாகிவிட்டிருக்கும். டாக்டர் செய்ய வேண்டியது பார்ப்பதும் முடிவு சொல்வதும் மட்டும். அதற்குச் சில நிமிடங்கள் போதும். பிறகு கவுன்சலர் ஒருவர், அவரும் இதே சிஸ்டர்களில் ஒருவர்தான், ஆபரேஷன் என்றால் என்ன, எத்தனை நாள் இருக்க வேண்டும், எந்த லென்ஸுக்கு எவ்வளவு என்று பொறுமையாகச் சொல்லிப் புரியவைப்பார். டாக்டரிடம் கேட்கப் பயந்த கேள்விகளை எல்லாம் ஜனங்கள் கேட்பது இந்தப் பெண்ணிடம்தான்.

இவர்கள் பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்கள். ஆஸ்பத்திரியே தேர்ந்தெடுத்து, தங்கவைத்து, இரண்டு ஆண்டுகள் பயிற்சி கொடுக்கிறது. விவசாயக் குடும்பத்துப் பெண்களாகப் பார்த்து எடுப்பதற்கும் காரணம் இருக்கிறது. வேலைக்கு அஞ்ச மாட்டார்கள், வருகிற பாட்டியின் பேச்சும் பயமும் அவர்களுக்குப் புரியும். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதால் அதில் கை தேர்ந்துவிடுகிறார்கள். பார்வை அளக்கும் பெண், ஒரு வருடத்தில் பல ஆயிரம் கண்களை அளந்திருப்பாள்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. இந்த ஆஸ்பத்திரியின் சிக்கனம் பெருமளவுக்கு இந்தப் பெண்களின் உழைப்பின்மேல் நிற்கிறது. வேலை கடுமையானது, காலையில் சீக்கிரமே தொடங்குவது. கல்யாணம் ஆனதும் பலர் வேலையை விட்டுப் போய்விடுகிறார்கள். திரும்பவும் புதியவர்களை எடுத்துப் பயிற்சி கொடுக்க வேண்டியிருக்கிறது. வேறு வழியில்லாத வீட்டுப் பெண்ணுக்குச் சம்பளமும் மதிப்பும் உள்ள ஒரு தொழில் கைக்கு வருகிறது என்பதும் உண்மை. வெளிநாட்டிலிருந்து நோட்டுப் புத்தகத்தோடு வருகிறவர்கள் மேஜையையும் மைக்ரோஸ்கோப்பையும் எண்ணிவிட்டுப் போவதைவிட, இந்தப் பெண்களோடு அரை மணி நேரம் பேசிவிட்டுப் போனால் நல்லது.

சோடாபுட்டி போய், லென்ஸ் வந்த கதை

ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் காலத்தில் புரை எடுத்தால் லென்ஸ் வைக்க மாட்டார்கள். சோடாபுட்டி மூடி போன்ற கனமான கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நடமாட வேண்டும். அதைக் கழற்றினால் ஒன்றும் தெரியாது, போட்டாலும் பக்கத்தில் இருப்பது தெரியாது. களத்துமேட்டில் கண்ணாடி கீழே விழுந்து உடைந்தால், ஆபரேஷன் செய்தும் குருடு என்ற கதைதான்.

கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வந்த பிறகும் அது பணக்காரர்களுக்கே எட்டியது. வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், ஒரு லென்ஸ் நூறு டாலர் அளவில். இலவச ஆபரேஷனுக்கு நூறு டாலர் லென்ஸை எங்கே போய் வாங்குவது? பணம் கட்டுகிறவருக்கு லென்ஸ், கட்டாதவருக்கு சோடாபுட்டி என்று இரண்டு சாதியாகப் பிரிந்துவிடும் நிலை.

லென்ஸை நாமே செய்தால் என்ன என்ற கேள்வியிலிருந்து 1992-ல் பிறந்தது ஆரோலேப். சிவகங்கை சாலையில் வீரபாஞ்சானில் இருக்கிறது அந்தத் தொழிற்சாலை. வயல்களுக்கு நடுவே போகும் சாலையில் பஸ் ஜன்னலிலிருந்து பார்க்கிறவருக்கு, அங்கே செய்யும் சின்னஞ்சிறு லென்ஸ்கள் நூறுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகின்றன என்று தோன்றாது. நூறு டாலர் லென்ஸ் இங்கே பத்து டாலருக்குத் தயாரானது. பிறகு இன்னும் இறங்கியது. தொழில்நுட்பத்தை வாங்கிக் கொண்டுவருவதில் உதவியவர்களில் அமெரிக்கரான டேவிட் கிரீன் முக்கியமானவர். வாயை மூடி, தலையை மூடி, தூசி புகாத அறையில் மைக்ரோஸ்கோப் வழியாக ஒவ்வொரு லென்ஸையும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அங்கேயும் பெரும்பாலும் இளம் பெண்கள்தான். லென்ஸோடு நிற்காமல், தையல் நூல், சொட்டு மருந்து என்று மற்றவற்றையும் செய்யத் தொடங்கினார்கள்.

இங்கே சிக்கனம் என்பது தரத்தைக் குறைப்பதா என்று ஒரு சந்தேகம் யாருக்கும் வரும். வரத்தான் வேண்டும். வெளிநாட்டுத் தியேட்டர்களில் ஒரு நோயாளிக்குப் பயன்படுத்திய மேலங்கி, போர்வைத் துணி, பாதி மீந்த சொட்டு மருந்து புட்டி எல்லாம் குப்பைக்குப் போகும். இங்கே துணிகளைத் துவைத்து, கிருமி நீக்கித் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். சொட்டு மருந்து புட்டி தீரும்வரை பயன்படுகிறது. நவீன பேக்கோ முறை ஆபரேஷன் ஒன்றுக்கு இங்கே சேரும் குப்பை கால் கிலோ அளவுதான். அதனால் வெளியாகும் கரியமில வாயு, பிரிட்டனில் இதே ஆபரேஷனுக்கு ஆவதில் இருபதில் ஒரு பங்கு அளவே என்று 2017-ல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது.

அப்படியானால் கண்ணில் சீழ் பிடிக்காதா? ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணுக்குள் கிருமி புகுந்தால் பார்வையே போய்விடும். எந்தக் கண் சர்ஜனும் கனவிலும் பயப்படுவது அதற்குத்தான். ஆறு லட்சம் ஆபரேஷன்களின் பதிவுகளை எடுத்து அரவிந்த் மருத்துவர்களே ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டார்கள். பத்தாயிரம் பேரில் சுமார் ஏழு பேருக்கு வந்துகொண்டிருந்த இந்தத் தொற்று, ஆபரேஷன் முடிவில் கண்ணுக்குள் ஓர் ஆன்டிபயாடிக் மருந்தைச் செலுத்தத் தொடங்கிய பிறகு இரண்டாகக் குறைந்தது. ஏழு என்பதே உலக அளவில் நல்ல எண்தான். அது போதும் என்று இருந்துவிடாமல் இன்னொரு மருந்துச் செலவைச் சேர்த்துக்கொண்டார்கள். சிக்கனம் தெரிந்தவர்களுக்கு எங்கே செலவு செய்ய வேண்டும் என்பதும் தெரிந்திருக்கிறது. எல்லாச் செலவையும் குறைக்கிறவர் கஞ்சர், அவரை நம்பிக் கண்ணைக் கொடுக்க முடியாது.

இலவசம் என்றாலும் வராத ஜனங்கள்

பணம் கட்டும் பிரிவு ஒரு கட்டடம், இலவசப் பிரிவு அருகிலேயே இன்னொரு கட்டடம். எந்த வாசலில் நுழைவது என்று முடிவு செய்வது நோயாளிதான். ரேஷன் கார்டைக் காட்டு, வருமானச் சான்றிதழ் கொண்டுவா என்று யாரும் கேட்பதில்லை. பணம் கட்டுகிறவருக்குக் கட்டில், தனி அறை, ஏசி என்று வசதிகள் படிப்படியாகக் கூடும். இலவசப் பிரிவில் பாய். ஆனால், ஆபரேஷன் செய்யும் சர்ஜன் இரு பக்கமும் மாறி மாறி வேலை செய்கிறவர். கட்டில் வேண்டுமென்பவர் கொடுக்கும் பணத்தில் பாயில் படுப்பவரின் செலவு அடைகிறது. வசதி உள்ளவர்கள் ஏன் இலவச வாசலில் நுழைந்துவிடுவதில்லை என்று கேட்டால், அதற்குப் பாயே ஓரளவு காவல். ஊர்க்காரர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்ற கூச்சமும் காவல்.

ஆரம்ப காலத்தில் இவர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. கிராமத்தில் முகாம் போட்டு, புரை இருக்கிறது, மதுரைக்கு வாருங்கள், ஆபரேஷன் இலவசம் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். பலர் வரவே இல்லை. ஏன் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது, ஆபரேஷன் மட்டும் இலவசமாக இருந்து பயனில்லை. பஸ்ஸுக்குக் காசு வேண்டும். துணைக்கு ஒரு ஆள் வர வேண்டும், அந்த ஆளின் கூலி போகும். டவுனில் சாப்பாட்டுச் செலவு. வீட்டில் ஆட்டைப் பார்க்க யார்? இதையெல்லாம் தாண்டி, கண்ணில் கத்தி வைப்பார்களே என்ற பயம். "வயசாச்சு, இனி பாத்து என்ன ஆகப்போகுது" என்று மூலையில் உட்கார்ந்துவிடுவது, குடும்பத்துக்குச் செலவு வைக்காமல் இருக்க வயதானவர்கள் கண்டுபிடித்த வழி. பெண்கள் விஷயத்தில் இது இன்னும் அதிகம்.

அதற்குப் பிறகு முறை மாறியது. முகாமில் புரை என்று தெரிந்தால், அன்றைக்கே அதே பஸ்ஸில் ஏற்றிக் கூட்டி வந்துவிடுவார்கள். தங்க இடம், சாப்பாடு, ஆபரேஷன், லென்ஸ், மருந்து, திரும்பிப் போக பஸ் எல்லாமே சேர்த்து இலவசம். கூட்டமாக ஒரே ஊர்க்காரர்கள் வருவதால் தனித் துணை தேவையில்லை, பயமும் குறைகிறது. அடுத்த வீட்டுக்காரி பக்கத்துப் பாயில் படுத்திருந்தால் பாதி தைரியம் வந்துவிடும்! கண்ணாடி மட்டும் போதும் என்பவர்களுக்கு முகாம் இடத்திலேயே கண்ணாடியை வெட்டி ஃபிரேமில் மாட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். டவுனுக்கு வந்து வாங்கிக்கொள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் அந்தச் சீட்டு பரணில்தான் கிடக்கும் என்பது அனுபவம்.

செலவைக் குறைக்கும் கதையில் இது விசித்திரமான இடம். பஸ்ஸும் சாப்பாடும் சேர்த்ததால் ஒரு நோயாளிக்கு ஆகும் செலவு கூடியது. ஆனால், வரவேண்டியவர்கள் வந்தார்கள். தியேட்டர் காலியாகக் கிடக்கவில்லை. மேஜைகள் இரண்டும் நிறைந்தன. ஆபரேஷனின் அடக்க விலை இறங்கியது.

முகாமை நடத்துவதில் உள்ளூர்க்காரர்களுக்கும் பங்கு உண்டு. லயன்ஸ் சங்கம், வர்த்தகர் சங்கம், பள்ளிக்கூடம், கோயில் கமிட்டி என்று யாராவது பொறுப்பேற்று இடம் பிடித்து, ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராகச் சொல்லி வருவார்கள். பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை. முகாம் தேதிகளை வெகு முன்பே முடிவு செய்துவிடுவதால், எந்த வாரம் எத்தனை பேர் வருவார்கள் என்ற உத்தேசக் கணக்கும் முன்பே கையில் இருக்கும். அதற்கேற்ப லென்ஸ், துணி, சிஸ்டர், சர்ஜன், பாய், அரிசி.

முகாமுக்கும் வராதவர்களுக்காகச் சிறு ஊர்களில் விஷன் சென்டர்கள் தொடங்கினார்கள். தேனிப் பக்கம் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்பே, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களின் உதவியோடு தொலைதூர வைஃபை கோபுரங்கள் அமைத்து, கிராமத்தில் இருக்கும் நோயாளி ஆஸ்பத்திரி டாக்டரிடம் திரையில் பேசும்படி செய்துவிட்டார்கள். கையில் செல்போனில் வீடியோ கால் பேசும் இன்றைய தலைமுறைக்கு இது பெரிதாகத் தெரியாது. அன்றைக்கு அந்த ஊர்களில் பலருக்கு லேண்ட்லைன்கூட இல்லை. இப்போது இத்தகைய மையங்கள் நூற்றுக்கும் மேல். டாக்டரைப் பார்க்க ஒரு நாள் கூலியை இழந்து டவுனுக்குப் போக வேண்டிய தேவை பலருக்கு இல்லாமல் போயிற்று.

இந்த முறையை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க 1992-லிருந்து லைக்கோ என்ற பயிற்சி நிறுவனமும் இந்தத் தெருவிலேயே இயங்குகிறது. பல நாடுகளின் கண் மருத்துவமனைகளிலிருந்து அங்கே வந்து கற்கிறார்கள். போட்டியாக வரக்கூடியவருக்கே தொழில் ரகசியத்தைச் சொல்லிக் கொடுக்கும் கடை மதுரையில் வேறு இருக்கிறதா தெரியவில்லை. ஜிகர்தண்டாக் கடைக்காரர் நிச்சயம் சொல்லித் தர மாட்டார்.

எல்லா ஆஸ்பத்திரியும் இப்படியே நடந்துவிடலாமே என்று கேட்பது சுலபம். விபத்தில் அடிபட்டு வருகிறவர் தேதி குறித்துக்கொண்டு வருவதில்லை. பிரசவ வலி ஞாயிற்றுக்கிழமை பார்த்து வராது. நள்ளிரவில் நெஞ்சு வலியோடு வருகிறவருக்காக ஒரு மேஜை காலியாகக் காத்திருக்கத்தான் வேண்டும். அதை வீண் என்று எந்தக் கணக்குப்பிள்ளையும் சொல்லக் கூடாது. இரண்டு மேஜையையும் ஒரு மைக்ரோஸ்கோப்பையும் அப்படியே எல்லா இடத்துக்கும் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆனால், டாக்டர் செய்ய வேண்டாத வேலையை டாக்டரிடமிருந்து எடுப்பது, நோயாளி ஏன் வரவில்லை என்று அவர் வீட்டுக்கே போய்க் கேட்பது, யார் கையில் என்ன தவறு நடந்தது என்று எழுதி வைப்பது ஆகிய மூன்றுக்கும் புதுக் கட்டடம் தேவையில்லை.

காலை. இலவசப் பிரிவில் நேற்று ஆபரேஷன் ஆனவர்களின் கட்டைப் பிரிக்கும் நேரம். வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். சிஸ்டர் கட்டை எடுத்து, ஈரப் பஞ்சால் இமையைத் துடைத்து, "திறங்க பாட்டி" என்கிறார். பெரும்பாலானவர்கள் முதலில் பார்ப்பது சிஸ்டரின் முகத்தை இல்லை, தங்கள் கையைத்தான். முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்கிறார்கள். சிலர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஊர்க்காரியைப் பார்த்து, "அடியாத்தி, இம்புட்டு நரைச்சுப் போச்சா ஒனக்கு!" என்கிறார்கள். பிறகு சொட்டு மருந்தை எப்படி விடுவது, தலைக்கு எப்போது தண்ணீர் ஊற்றலாம், அடுத்த மாதம் ஊரில் எந்த இடத்துக்கு வந்து காட்ட வேண்டும் என்று ஒரு சிஸ்டர் கூட்டாக எல்லோருக்கும் சொல்கிறார். இரண்டு முறை சொல்கிறார். திருப்பிச் சொல்லச் சொல்லியும் கேட்கிறார்.

வாசலில் பஸ் நிற்கிறது. கறுப்புக் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக ஏறுகின்றன. வந்தபோது கையைப் பிடித்து ஏற்றப்பட்ட ஒரு பெரியவர், இப்போது பிடிக்க வந்த கையைத் தட்டிவிட்டு, கம்பியைப் பிடித்துத் தானாக ஏறி ஜன்னலோரம் உட்காருகிறார். பஸ் ஊமச்சிகுளம் பக்கமோ மேலூர் பக்கமோ போய் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும். ஞாயிற்றுக்கிழமை அதே பஸ் வேறொரு ஊருக்குப் போகிறது. அங்கிருந்து எத்தனை பேர் வருவார்கள் என்ற எண்ணிக்கை இப்போதே சமையல்கட்டுக்கும் போய்விட்டது.